பேர் சொல்லாத கன்னி

போன மாதம் மைசூர் அக்ரஹாரத்தில் ஒரு வீட்டுச் சாமான்களை ஏற்றப் போயிருந்தோம். வீடு மாற்றுகிறவர்களின் கட்டில், பீரோ, கிரைண்டர் எல்லாவற்றையும் ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்குத் தூக்கிப் போவதுதான் இப்போது என் பிழைப்பு. 'இப்போது' என்கிற வார்த்தையை என் விஷயத்தில் நீங்கள் கொஞ்சம் கவனமாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். பெயின்ட் அடித்திருக்கிறேன், ரப்பர் பால் வெட்டியிருக்கிறேன், ஹோட்டலில் இட்லிக்கு மாவு ஆட்டியிருக்கிறேன், ஊதுவத்தி மூட்டை சுமந்திருக்கிறேன். எதிலும் மூன்று வருஷத்துக்கு மேல் நின்றதில்லை. சாமான் தூக்கும் வேலை எனக்குப் பிடித்ததற்குக் காரணம், வேறு யாரோ இடம் மாறுவதைப் பார்த்தால் எனக்குள் இருக்கும் அரிப்பு கொஞ்சம் அடங்குகிறது.

எல்லாம் ஏற்றி முடித்த பிறகு அந்த வீட்டம்மா ஒரு மூடி போட்ட ஓலைப்பெட்டியைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். சேலத்துப் பக்கத்திலிருந்து வந்து மைசூரிலேயே தங்கிவிட்ட குடும்பம்.

"அண்ணா, இத மட்டும் பின்னாடி போடாதீங்க. மடில வெச்சுக்கிட்டு வாங்க."

உள்ளே என்ன என்று நான் கேட்கவில்லை. வண்டியின் முன் சீட்டில் உட்கார்ந்து பெட்டியை மடியில் வைத்ததுமே மூக்குக்குத் தெரிந்துவிட்டது. மஞ்சள், சூடம், துவைக்காத புதுத்துணியின் கஞ்சி வாசனை. மூன்றும் சேர்ந்து அப்படி வருவது ஒரே ஒரு பெட்டியிலிருந்துதான். வீட்டுக் கன்னி.

உங்கள் வீட்டில் இந்த வழக்கம் இல்லையென்றால் சொல்கிறேன். கல்யாணமாகாமல் இறந்துபோன பெண்பிள்ளையைச் சில குடும்பங்களில் சாமியாகக் கும்பிடுவார்கள். வருஷத்தில் ஒரு நாள் அவளுக்குப் புதுப் பாவாடை சட்டை, கண்ணாடி வளையல், பொட்டு, சீப்பு, இனிப்பு எல்லாம் வைத்து, அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள். கூப்பிட்டால் வருவாள். வந்தால் வீடு நன்றாக இருக்கும். பிறகு அந்தத் துணியை வீட்டில் அந்த வயதில் இருக்கும் ஒரு பெண்ணுக்குக் கொடுத்துவிடுவார்கள்.

எங்கள் வீட்டுக் கன்னி ஓலைப்பெட்டியில் இல்லை. சிலோனிலிருந்து வந்த ஒரு பிஸ்கட் டின்னில் இருந்தாள். அப்போது நாங்கள் சுள்யா பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் குடியிருந்தோம். மலைநாட்டில் தேயிலை பறித்த எங்களைப் போன்ற குடும்பங்களைக் கப்பலில் ஏற்றி இந்தியாவுக்கு அனுப்பி, இங்கே ரப்பர் மரத்தடியில் கொண்டுவந்து விட்டிருந்தார்கள். அப்பாவுக்குப் பால் வெட்டும் வேலை. அம்மாவுக்குப் புகைக்கூடத்தில் ரப்பர் ஷீட்டைத் தொங்கவிடும் வேலை. அம்மாவின் தலைமுடியில் எப்போதும் கருகிய வெல்லம் போல ஒரு வாசனை இருக்கும். ஊரெல்லாம் அதை நாற்றம் என்றுதான் சொன்னது. எனக்கு அதுதான் அம்மா.

தை மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை அம்மா அந்த டின்னைத் திறப்பாள். அதற்கு முன்பே சுள்யா கடைத்தெருவில் தையல்காரரிடம் போய்ச் சிவப்பில் ஒரு பாவாடையும் சட்டையும் தைக்கக் கொடுப்பாள். எத்தனை வயசுப் பிள்ளைக்கு என்று அவர் கேட்பார். ஏழு என்பாள். அடுத்த வருஷமும் ஏழு. அதற்கடுத்த வருஷமும் ஏழு. உங்கள் பெண்ணுக்குச் சோறு போடுகிறீர்களா இல்லையா, வளரவே மாட்டேன் என்கிறாளே என்று அவர் கேலி செய்வார். அம்மா சிரிக்க மாட்டாள்.

முதல் வருஷம் அந்தப் பாவாடை என் அக்கா சரோஜாவுக்குச் சரியாக இருந்தது. இரண்டாம் வருஷம் இறுக்கியது. அப்புறம் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குப் போயிற்று. ரொம்ப காலம் கழித்து, மைசூரில், அக்காவின் மகள் காவ்யா ஏழு வயதில் ஒரு வருஷம் போட்டுக்கொண்டாள்.

நான் கவனித்தது இன்னொன்று. மற்ற வீடுகளில் பேரைச் சொல்லிக் கன்னியைக் கூப்பிடுவார்கள். அம்மா "வாம்மா" என்பதோடு நிறுத்திக்கொள்வாள். ஒருமுறை கேட்டேன், நம் கன்னிக்குப் பேரே இல்லையா என்று.

"இருக்கு. வாயில வராது."

அப்பாவின் தங்கச்சி, சின்ன வயதில் போனவள் என்று எங்களுக்குச் சொல்லப்பட்டிருந்தது. தங்கச்சியின் பேர் எப்படி மறக்கும் என்று எனக்குத் தோன்றியதுண்டு. ஆனால் எனக்கு அப்போது மீன் பிடிக்கப் போகிற அவசரம் இருந்தது. எனக்கு எப்போதும் எங்கேயாவது போகிற அவசரம்தான்.

சிலோனைப் பற்றி எனக்கு நினைவிருப்பது மிகவும் குறைவு. கிளம்பும்போது நாலு வயது நிறையவில்லை. கலவரத்தில் எங்கள் லயத்தின் ஒரு பக்கம் எரிந்தது என்பதெல்லாம் சொல்லக் கேட்டதுதான். லயம் என்றால் தோட்டத்துக் குடியிருப்பு, ஒரே கூரையின் கீழ் வரிசையாக ஒற்றை அறை வீடுகள். கப்பல் மட்டும் கொஞ்சம் நினைவிருக்கிறது. டீசல் நாற்றம், யாரோ வாந்தி எடுத்தது, இரும்புத் தரை வெயிலில் சுட்டது. பக்கத்தில் மொட்டைத் தலையோடு அக்கா. தலையில் ஒரு துண்டைக் கட்டியிருந்தாள். என் மணிக்கட்டைப் பிடித்த பிடியை ராமேஸ்வரம் வரும்வரை விடவில்லை. அவளுக்குக் கதிர்காமத்து முருகனுக்கு வேண்டிக்கொண்டு மொட்டை போட்டதாக அம்மா பிற்பாடு சொன்னாள்.

மண்டபம் முகாமில் இருந்தபோது எங்கள் தோட்டத்து ஆட்கள் முக்கால்வாசிப் பேர் கோத்தகிரிக்குப் போகிறோம் என்று எழுதிக் கொடுத்தார்கள். அங்கே குளிர் உண்டு, தேயிலை உண்டு, தெரிந்த முகங்கள் உண்டு. அம்மாதான் வேண்டாம் என்று ஒற்றைக்காலில் நின்றாளாம். தெரிந்தவர் ஒருவரும் போகாத சுள்யாவைக் கேட்டு வாங்கினாள். மழையில் அட்டை கடிக்கும்போதெல்லாம் அப்பா அதைச் சொல்லிக் காட்டுவார்.

சுள்யாவுக்கு வந்த சில மாதங்களில் அக்காவுக்குக் காது குத்தினார்கள். அது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, ஏனென்றால் அதற்காக வெல்லம் உடைத்துக் கொடுத்தார்கள். தட்டான் ஊசியை எடுத்ததும் அக்கா அழவில்லை, அம்மாதான் அழுதாள். வெல்லம் என் கையில் கரைந்து முழங்கை வரை ஒழுகியது.

அப்பா எனக்குப் பத்து வயதில் மஞ்சள் காமாலையில் போனார். நான் ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டேன். அங்கே படித்தது கன்னடம். தமிழ் எழுத்து அக்கா சொல்லிக்கொடுத்தது. கடையில் சாமான் கட்டி வரும் பழைய தமிழ்ப் பேப்பரை விரித்துவைத்து எழுத்துக்கூட்டச் சொல்வாள். இன்று நான் இதை எழுதுவதற்கு அந்தப் பருப்புக் காகிதங்கள்தான் காரணம். குறைகள் இருந்தால் அவற்றின் மேல் போடுங்கள்.

பதினாறு வயதில் தோட்டத்து வேலைக்குப் பேர் பதிய வேண்டியிருந்தது. வயதுக்கு அத்தாட்சி கேட்டார்கள். அம்மா வேலைக்குப் போயிருந்தாள். நான் டிரங்குப் பெட்டியைக் குடைந்து, கண்டியில் எங்களுக்குக் கொடுத்த பழைய பாஸ்போர்ட்டை எடுத்தேன். குடும்பத்துக்கே சேர்த்து ஒரே படம். அப்பா, அம்மா, அம்மாவின் இடுப்பில் நான். முன்னால் ஒரு பெண்பிள்ளை, ரெட்டைச் சடை, இரண்டு காதிலும் தோடு.

நான் அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்தேன். படம் எடுத்தது கப்பல் ஏறுவதற்கு முந்தின வருஷம். அக்காவுக்குக் காது குத்தியது சுள்யாவுக்கு வந்த பிறகு.

யாரிடமும் நான் ஒன்றும் கேட்கவில்லை. பாஸ்போர்ட்டை இருந்த இடத்தில் வைத்துவிட்டு, இரண்டு நாள் கழித்து மடிக்கேரி வழியாக மைசூருக்கு பஸ் ஏறினேன். ஊர் சுற்றும் ஆசையால் ஓடினேன் என்றுதான் எல்லாரிடமும் சொல்லியிருக்கிறேன். பாதி உண்மை. மற்ற பாதி, அந்த வீட்டில் இருந்தால் ஒருநாள் வாய்விட்டுக் கேட்டுவிடுவேன் என்கிற பயம்.

மைசூரில் பஸ் ஸ்டாண்டை ஒட்டிய ஒரு ஹோட்டலில் மாவாட்டச் சேர்ந்தேன். நாலு மாதம் கழித்து ஒருநாள் மத்தியானம் அக்கா உள்ளே வந்து உட்கார்ந்தாள். எப்படிக் கண்டுபிடித்தாள் என்பதை இன்றுவரை சொல்லவில்லை. ஒரு மசால்தோசை சொன்னாள். நிதானமாகச் சாப்பிட்டாள். கை கழுவிவிட்டு வந்து சொன்னாள்.

"நீ வரலைன்னா பரவால்ல. நாங்க இங்க வந்துர்றோம். ஆளுக்கு ஒரு பக்கம் போயிட்டா அம்மா தாங்காது."

அப்படித்தான் எங்கள் குடும்பம் மைசூருக்கு வந்தது. அக்ரஹாரத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் இரண்டு அறை. அம்மாவும் அக்காவும் வீட்டிலேயே ஊதுவத்தி உருட்டினார்கள். கரித்தூள் ஈரமாகிக் கையில் ஏறி, சோறு பிசையும்போது சோறும் சாம்பல் நிறமாகும். அக்காவைக் கௌதள்ளியிலிருந்து கட்டட வேலைக்கு வந்த ஒரு கொத்தனார் கட்டிக்கொண்டார். நல்ல மனிதர், பேச்சு குறைவு. நான் ஓடிப்போவதும், ஹுப்ளியிலோ மங்களூரிலோ கொஞ்சநாள் இருந்துவிட்டுத் திரும்பி வருவதுமாக இருந்தேன். வந்தால் அக்கா தட்டை வைப்பாள். எங்கே போனாய் என்று கேட்டதில்லை.

சிலோனில் சண்டை வருஷக்கணக்காக நடந்தது. அம்மா ஒரு டிரான்சிஸ்டரை ஊதுவத்திப் பலகைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்தி கேட்பாள். அங்கே நமக்கு யார் இருக்கிறார்கள் என்று அக்காவின் புருஷன் கேட்டபோது, பிறந்த மண் இல்லையா என்றாள். அக்கா தலை நிமிராமல் உருட்டிக்கொண்டிருப்பாள்.

விஷயம் வெளியே வந்தது காவ்யாவால். அவளுக்கு அப்போது பத்தொன்பது வயது, கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். தமிழைவிடக் கன்னடம் சரளம். டிரங்குப் பெட்டியில் அந்தப் பாஸ்போர்ட் அவள் கையில் கிடைத்திருக்கிறது. படத்தைப் பிடித்து ஃபேஸ்புக்கில், எங்கள் தோட்டத்து ஆட்கள் கூடுகிற ஒரு பக்கத்தில் போட்டுவிட்டாள். இது எங்கள் அஜ்ஜி, தாத்தா, மாமா, முன்னால் நிற்பது எங்கள் அம்மா, தெரிந்தவர்கள் உண்டா என்று கேட்டு.

மூன்றாம் நாள் என்னைத் தேடி வேலை செய்யும் இடத்துக்கே வந்தாள். "மாமா, இத ஓது. அம்மாகிட்ட ஹேளபேடா."

படித்துப் பார், அம்மாவிடம் சொல்லாதே என்கிறாள். வவுனியாவிலிருந்து செல்லமுத்து என்கிற ஒரு பெரியவர் எழுதியிருந்தார். படத்தில் இருக்கும் சரோஜா காய்ச்சலில் இறந்துவிட்டாள், குழி வெட்டியவர்களில் நானும் ஒருவன், உங்கள் அம்மா சரோஜாவாக இருக்க முடியாது என்று. அதற்குக் கீழே இன்னும் இரண்டு வரி. பக்கத்து வீட்டுப் பார்வதி தன் மகளை உங்கள் குடும்பத்தோடு அனுப்பினாள், அந்தப் பிள்ளையின் பேர் தவமணி. பார்வதி எங்கள் தெருவில்தான் இருக்கிறாள், கண் மங்கிவிட்டது, இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

அன்று நான் வேலையை முடிக்காமலே வீட்டுக்குப் போனேன். அக்கா ஒரு விடுதியில் சமையல் வேலைக்குப் போயிருந்தாள். அம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். போனில் இருந்த படத்தைக் காட்டினேன். அம்மா கையைத் துடைத்துவிட்டு வாங்கினாள்.

"காதுல தோடப் பாத்தியா? எங்கண்ணன் போட்டது" என்றாள். நான் கேட்காத கேள்விக்குப் பதில் அதுவாகத்தான் இருந்தது.

பிறகு சொன்னாள். அவள் சொன்னதை நான் சுருக்கிச் சொல்கிறேன். கலவரத்தில் பார்வதியின் புருஷனை அடித்துப் போட்டுவிட்டார்கள். பார்வதி குடும்பம் சிலோனிலேயே இருப்பதாக எழுதிக் கொடுத்த குடும்பம், அதனால் கப்பலுக்குப் பாஸ்போர்ட் இல்லை. எங்களுக்கு இருந்தது, நாலு பேருக்கு. நாலாவது பேர் மண்ணுக்குள் போய் நாற்பது நாள்கூட ஆகவில்லை. காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் நேரத்தில் பார்வதி பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து வாசலில் நின்றாளாம். நிலைமை சரியானதும் வந்து கூட்டிக்கொள்கிறேன், அதுவரை வைத்திரு என்று. அந்த மாதிரி ஒருவர் சீட்டில் இன்னொருவர் போவது அப்போது நடக்கிற காரியம்தான். படத்தோடு முகத்தை ஒத்துப் பார்ப்பார்களே என்று பயந்து மொட்டை போட்டது அம்மாவின் யோசனை. மொட்டையடித்த பிள்ளைகள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கும் என்பது அவள் கணக்கு. சரியாகத்தான் இருந்தது.

அப்பா சுள்யாவிலிருந்து விலாசம் எழுதிப் போட்டிருக்கிறார். பார்வதி பதில் போட்டாள். அப்பா படித்துக் காட்டினார். பிள்ளைக்குக் காது குத்தவில்லை, நீங்களே குத்திவிடுங்கள் என்று அதில் இருந்தது. அம்மா குத்தினாள். ஆனால் இனிப் பதில் எழுதக் கூடாது என்று அப்பாவிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

கப்பல் நின்றுபோனது. காகிதம் மட்டும் வந்துகொண்டிருந்தது, பத்துப் பதினைந்து இருக்கும் என்றாள். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. யாரிடமும் படிக்கக் கொடுக்கவும் இல்லை. வந்ததும் இடுப்பில் செருகிக்கொண்டு வேலைக்குப் போய், புகைக்கூடத்து அடுப்பில் போட்டுவிடுவாள். பிறகு வருவது நின்றது.

நான் ஏன் என்று கேட்டேன். அம்மா கீரையை மறுபடி கையில் எடுத்தாள்.

"ரேடியோவுல சண்டை சண்டைன்னு சொல்லுவான். ஒவ்வொரு தடவையும் எனக்கு நிம்மதியா இருக்கும்டா. இப்ப பார்வதி வர மாட்டான்னு. அப்புறம் அந்த டின்னுக்கு முன்னால போயி விழுவேன்."

எவ்வளவோ பேர் செத்த சண்டை அது. அதை எங்கள் வீட்டில் ஒருத்தி இப்படிக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் கெட்டவள் என்று எனக்குச் சொல்ல வரவில்லை, நல்லவள் என்றும் வரவில்லை. என் தட்டில் சோறு போட்டவள்.

அக்காவிடம் சொல்லாதே, நான் போனபிறகு சொல்லிக்கொள் என்றாள். அவளுக்குச் சிறுநீரகம் கெட்டிருந்தது, ரொம்ப நாள் இல்லை என்று அவளுக்கே தெரியும். அங்கே கண் மங்கிய ஒரு கிழவிக்கும் ரொம்ப நாள் இருக்கப்போவதில்லை. ஒருத்திக்காகக் காத்திருந்தால் இன்னொருத்தி போய்விடுவாள். சொன்னால் அக்கா போய்விடுவாளோ, போனால் திரும்பி வருவாளோ என்பதுதான் அம்மாவின் பயம். எனக்கும் அதே பயம்தான், வெளியே சொல்லவில்லை.

நான் என்ன செய்திருப்பேன் என்று நீங்களே யூகிக்கலாம். ஹுப்ளிக்கு ஒரு லோடு இருந்தது, கூடவே ஏறினேன். இறக்கிவிட்டு அங்கேயே ஒரு பள்ளிக்கூடத்துக்குப் பெயின்ட் அடிக்கும் வேலையில் ஒட்டிக்கொண்டேன். காவ்யா போன் செய்தபடியே இருந்தாள். கடைசியில் ஒருநாள், "மாமா, நீ ஓடறதுக்குன்னே பொறந்தியா? அந்தப் பாட்டி தினமும் கேக்குறாங்களாம், அர்த்த ஆகுதா?" என்று கேட்டு வைத்துவிட்டாள். சுவரில் பாதிக்கு வந்திருந்தேன். மீதியை அடித்துவிட்டுத்தான் கிளம்பினேன், அந்த ஒரு ஒழுங்கு எனக்கு உண்டு.

வந்த அன்று தை வெள்ளி. அம்மா ஆள் பாதியாக வற்றியிருந்தாள். என்னை அருகே கூப்பிட்டு, சாயங்காலம் கும்பிடும் நேரத்தில் அக்காவை எங்கேயாவது அனுப்பு என்றாள். எதற்கு என்றேன்.

"ஒரு தடவையாவது பேரச் சொல்லிக் கூப்புடணும்டா. இத்தன வருஷமா பேர் சொல்லாமயே சோறு வெச்சிருக்கேன். எப்படிக் கூப்புடுவேன், கூப்புட்டா இவ இல்ல வந்து நிக்கிறா."

அப்போதுதான் எனக்கு அந்தப் பழைய பதில் புரிந்தது. செத்த பிள்ளையின் பேரை உயிரோடிருக்கும் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டு, செத்தவளைக் கூப்பிட வழியில்லாமல் இத்தனை காலம் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறாள்.

சூடம் தீர்ந்துவிட்டது என்று சொல்லி அக்காவைக் கடைக்கு அனுப்பினேன். பொய் சொல்ல எனக்குச் சாமர்த்தியம் போதாது. சூடம் டப்பா அடுப்பு மேடையில் கண்ணுக்கு நேராக இருந்தது. அக்கா அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பையை எடுத்துக்கொண்டு போனாள்.

அம்மா சிவப்புப் பாவாடையை விரித்தாள். வளையலை வைத்தாள். கேசரியை இலையில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, "சரோஜா" என்றாள். முதலில் குரல் எழும்பவில்லை. தொண்டையைச் செருமிவிட்டு, வெளியே விளையாடும் பிள்ளையைச் சாப்பிடக் கூப்பிடுவது போல மறுபடி கூப்பிட்டாள். "சரோஜா, வாம்மா."

நான் திரும்பிப் பார்த்தேன். அக்கா வாசற்படியில் நின்றிருந்தாள். கடைக்குப் போகவே இல்லை. வழக்கமாக அம்மா கூப்பிட்டால் எந்த வேலையில் இருந்தாலும் 'என்னம்மா' என்று குரல் கொடுப்பவள். அன்று வாயைத் திறக்கவில்லை. அசையாமல் நின்றாள்.

அம்மா கண்ணைத் திறந்து அவளைப் பார்த்ததும் இலையை மறைப்பது போல இரண்டு கையையும் விரித்தாள்.

"கூப்புடும்மா. அவளத்தான கூப்புடுற. அவ வரட்டும்" என்றாள் அக்கா.

பிறகு அக்கா உள்ளே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். என்னிடம்தான் சொன்னாள், அம்மாவைப் பார்க்காமல்.

"ஏழு வயசுப் புள்ளைக்குத் தன் பேரு மறந்துபோகுமாடா? வாயத் தொறக்காத, அவங்களத்தான் அம்மான்னு கூப்புடணும்னு சொல்லித்தான் எங்கம்மா அனுப்புச்சு. நான் தொறக்கல."

எனக்கு வெட்கமாக இருந்தது. நான் ஒருத்தன் அவளிடமிருந்து ரகசியத்தைக் காப்பாற்றுவதாக நினைத்து இருபது வருஷத்துக்கு மேலாக ஊர் ஊராக ஓடியிருக்கிறேன். அவள் அதைக் கப்பலிலிருந்தே கையில் வைத்திருந்தாள். எங்கள் மூன்று பேரில் அதோடு ஒரே இடத்தில் இருக்கத் தெரிந்தவள் அவள்தான்.

காவ்யாதான் எல்லா ஏற்பாடும் செய்தாள். அக்காவும் அவளும் பெங்களூரிலிருந்து கொழும்புக்கு விமானம் ஏறினார்கள். புதுப் பாஸ்போர்ட்டிலும் பேர் சரோஜாதான், வேறு பேருக்கு எந்தக் காகிதமும் கிடையாது. போகும்போது அம்மா அக்காவின் முகத்தைப் பார்க்கவில்லை. பெட்டியின் ஜிப்பை இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பதினோரு நாள். அந்தப் பதினோரு நாளும் நான் வீட்டை விட்டு நகரவில்லை, என் வாழ்க்கையில் அது ஒரு பெரிய காரியம். கஞ்சி வைத்தேன், மாத்திரை கொடுத்தேன், சந்தின் முனை வரை போய்த் திரும்பினேன். ஒரு நாளைக்கு இருபது தடவை போனதாக எதிர்வீட்டுக்காரர் பிற்பாடு சொன்னார். அம்மா காலையில் எழுந்ததும் டிவியைப் போடச் சொல்வாள்.

"அங்க சண்டை ஒண்ணும் வந்துரலியே?"

இல்லையம்மா, அதெல்லாம் முடிந்து எத்தனையோ வருஷமாகிவிட்டது என்பேன். "மறுபடி வந்துராதே?" என்பாள். வராது என்று நான் எப்படிச் சொல்ல முடியும். இருந்தாலும் சொன்னேன்.

பன்னிரண்டாம் நாள் முற்பகலில் ஆட்டோ வந்து நின்றது. அக்கா இறங்கி, பெட்டியை என்னிடம் கொடுத்துவிட்டு, காலைக் கழுவிக்கொண்டு உள்ளே வந்தாள். அம்மா சுவர்ப்பக்கமாகத் திரும்பிப் படுத்திருந்தாள்.

"சாப்டியா?" என்றாள், திரும்பாமலே.

"வழில இட்லி சாப்ட்டோம்."

"என்னயத் திட்டுனாளா?"

"இல்ல. காது குத்துனீங்களான்னு தொட்டுப் பாத்தாங்க."

அம்மா போர்வையை இழுத்துக்கொண்டாள். "காயிதத்துல எல்லாம் என்ன எழுதுனான்னு கேட்டியா?"

"கேட்டேன். அவங்களுக்கு ஒண்ணும் ஞாபகம் இல்லையாம். யாரோ ஒரு பையன விட்டு எழுத வெச்சதாம். அந்தப் பையனும் இப்ப இல்ல, சண்டையில போயிட்டான்."

அம்மா பெருமூச்சு விட்டாள். அன்று மத்தியானம் அவள் தூங்கியது போல அதற்கு முன் நான் பார்த்ததில்லை. வாயைத் திறந்துகொண்டு, குறட்டை விட்டு, குழந்தை மாதிரி.

இரண்டு நாள் கழித்து காவ்யா என்னிடம் சொன்னாள், அந்தப் பாட்டிக்கு எல்லாம் ஞாபகம் இருந்ததாம். ஒவ்வொரு காகிதமாக, இது மழைக்காலத்தில் போட்டது, இது கோழி வாங்கினபோது போட்டது என்று வரிசையாகச் சொன்னாளாம். மூன்று நாள் சொன்னாளாம். அக்கா பாட்டியின் கையைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறாள். அப்படி என்னதான் சொன்னாள் என்று கேட்டேன். "மாமா, அவங்க தமிழ் பூரா வேற மாதிரி. வேகமா பேசுறாங்க. எனக்குப் பாதி அர்த்தவே ஆகல" என்றாள்.

அம்மா அந்த வருஷம் மழை விடும் சமயத்தில் போய்ச் சேர்ந்தாள். அடுத்த சித்திரையில் வவுனியாவிலிருந்து செல்லமுத்து போன் செய்தார், பார்வதியும் போய்விட்டாள் என்று. அக்கா அன்று வேலைக்குப் போகவில்லை. குளித்துவிட்டு வந்து உட்கார்ந்திருந்தாள். அக்கம்பக்கத்தில் யாருக்கு என்ன சொல்வது என்று எங்களுக்குத் தெரியவில்லை. எதுவும் சொல்லவில்லை.

அக்காவிடம் நான் இரண்டு தடவை கேட்டிருக்கிறேன், காகிதத்தில் என்ன இருந்தது என்று. முதல் தடவை, அடுப்பில் பால் இருக்கிறது என்று எழுந்து போனாள். இரண்டாம் தடவை என்னைக் கொஞ்சநேரம் பார்த்தாள். "அது எனக்கு வந்ததுடா" என்றாள்.

அதனால் இப்போது காவ்யாவைத்தான் நச்சரிக்கிறேன். பெங்களூரில் வேலை பார்க்கிறாள். ஆரம்பத்தில் கேட்டபோது கோழி, மழை, ஒரு பள்ளிக்கூடம், யாருக்கோ வந்த அம்மை என்று ஏழெட்டு விஷயம் சொன்னாள். அடுத்த வருஷம் கேட்டபோது பள்ளிக்கூடம் அவளுக்கு நினைவில்லை. போன வாரம் போன் செய்து மறுபடி கேட்டேன். யோசித்துப் பார்த்துவிட்டு, பாட்டி சொல்லும்போது ஒரு தடவைகூட அழவில்லை, அது மட்டும்தான் ஞாபகம் இருக்கிறது மாமா என்றாள்.